கியர் நாப்பை நாமே கடைவோம்!



நிலாவைப் பற்றியும் நட்பைப் பற்றியும் எழுத இந்த மலரில் நிறையப் பேர் இருக்கிறார்கள். எழுதட்டும், நன்றாகவே எழுதுகிறார்கள். எனக்குக் கவிதை வராது. தெரிந்தது லேத்தும் வண்டியும்தான். அதனால் யாரும் எழுதாத ஒரு பொருளை எடுத்துக்கொண்டேன்... கியர் நாப்! சிரிக்காதீர்கள். காரில் கியர் ராடின் தலைமேல் உட்கார்ந்திருக்கிறதே, அந்தக் குமிழைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

சிங்காநல்லூர் சிக்னலில் கிளம்பி டவுன்ஹால் போய்ச் சேர்வதற்குள் ஒரு டிரைவரின் இடது கை அதை எத்தனை தடவை பிடிக்கிறது என்று ஒருநாள் எண்ணிப் பாருங்கள். எண்ணிக்கை விட்டுப்போகும். ஸ்டீரிங்குக்கு அடுத்தபடி கை அதிகம் தொடுவது அதைத்தான். கார் வாங்கியவர் ஆசைப்பட்டு முதலில் மாற்றுவதும் பெரும்பாலும் அதைத்தான். மண்டை ஓடு வைத்தது, கண்ணாடி உருண்டைக்குள் பூ வைத்தது, நீல லைட் எரிவது, கத்திப்பிடி மாதிரி நீளமாக இருப்பது என்று விதவிதமாக விற்கிறார்கள். அட்டையில் 'எல்லா வண்டிக்கும் பொருந்தும்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாப்பை மாற்றுவது தப்பில்லை. எல்லா வண்டிக்கும் பொருந்தும் என்பதை நம்பி மாட்டுவதுதான் தப்பு. கோயமுத்தூரில் பிறந்து, லேத்துக்கு முன்னால் நின்று டிப்ளமோ படிக்கிற நாம் அதைக் காசு கொடுத்து வாங்கினால் அது தப்பு மட்டுமில்லை, வெட்கம்! அதை நம் ஒர்க்‌ஷாப்பிலேயே கடைய வேண்டும். நம் பிராக்டிகலில் அது ஒரு ஜாப்பாகவே வர வேண்டும்.

ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

எங்கள் வீட்டில் பத்தாவதைத் தாண்டிய முதல் ஆள் நான். அப்பா அஞ்சாவதோடு நின்றவர். ஆக்டிங் டிரைவர். சொந்த வண்டியும் இல்லை, நிரந்தர முதலாளியும் இல்லை. கல்யாணம், காதுகுத்து, பழனி, ஏர்போர்ட்... கூப்பிடுகிறவர் வண்டியை ஓட்டிக்கொடுத்துவிட்டு நாள் சம்பளம் வாங்குவார். காலையில் ஒரு வண்டி, சாயந்திரம் வேறு வண்டி. சாவி கைக்கு வந்ததும் அப்பா முதலில் பார்ப்பது பெட்ரோல் முள்ளை இல்லீங்க, கியர் நாப்பின் தலையை! அதில் சின்னதாக ஒரு கோலம் போட்டிருக்குமே, மேலே 1, 3, 5, கீழே 2, 4, ஆர் எந்த மூலையில் என்று... அந்தக் கோலத்தைத்தான்.

ஒண்ணாவது முதல் நாலாவது வரை இன்றைய கார்கள் எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒரே வரிசைதான். ரிவர்ஸ்தான் வண்டிக்கு வண்டி வீடு மாற்றிக்கொண்டு போகும். சிலதில் அஞ்சாவதுக்கு நேர் கீழே, வலது மூலையில். சிலதில் ஒண்ணாவதுக்குப் பக்கத்து வீடு, இடது மேல் மூலையில். சிலதில் நாப்புக்குக் கீழே உள்ள வளையத்தை விரலால் தூக்கினால்தான் விழும். சிலதில் நாப்பையே கீழே அழுத்தித் தள்ள வேண்டும். அந்தக் கோலம் மட்டும் இருந்துவிட்டால் ஆக்டிங் டிரைவருக்கு யாரும் பாடம் சொல்லித் தர வேண்டியதில்லை.

போன வருஷம் ஒரு கல்யாண மண்டபத்தில் இருட்டு நேரத்தில் அப்பா கையில் ஒரு வண்டி வந்தது. கோலமே இல்லாத பளபள கண்ணாடி உருண்டை மாட்டியிருந்தார்கள். அதற்கு முந்தின ஒரு வாரமும் அவர் ஓட்டியது இடது மூலையில் ரிவர்ஸ் உள்ள வண்டி. பின்னால் ஹார்ன் மேல் ஹார்ன். பழகின கை இடது மூலைக்கே போனது. அங்கே இருந்தது ஒண்ணாவது. கிளட்சை விட்டதும் வண்டி முன்னால் பாய்ந்து சுவரில் முட்டியது. நல்லவேளை, முன்னால் சுவர்தான் இருந்தது. பந்தி முடிந்து குழந்தைகள் ஓடியாடிக்கொண்டிருந்த இடம் அது. பம்பருக்கான காசு அப்பாவின் மூன்று நாள் சம்பளத்தில் பிடிக்கப்பட்டது. "இத்தன வருசமா ஓட்டறீங்க, ரிவர்ஸ் எங்கன்னு தெரியாதுங்களா?" என்று வண்டிக்காரர் கேட்டாராம். அந்த உருண்டையைப் பற்றி அங்கே ஒருவரும் பேசவில்லை.

அமெரிக்காவில் மோட்டார் வாகனப் பாதுகாப்பு விதி எண் 102 என்று ஒன்று இருக்கிறது. மேனுவல் கியர் வண்டியில் எந்தக் கியர் எங்கே என்பதைக் காட்டும் படம் டிரைவரின் கண்ணில் எப்போதும் படும்படி இருக்க வேண்டும் என்பது அதில் ஒரு வரி. நாப் மேல்தான் இருக்க வேண்டும் என்றுகூட இல்லை, டேஷ்போர்டில் ஒட்டியிருந்தாலும் போதும். நம் ஊரில் ஆர்.சி.யில் கியர் நாப்பைப் பற்றி ஒன்றும் எழுதியிருக்காது. ஆகவே மாற்றினால் யாரும் கேட்கவும் மாட்டார்கள். சட்டம் கேட்காத இடத்தில் நம் மூளையாவது கேட்க வேண்டாமா?

சரி, கோலத்தை விடுங்கள். மரைக்கு வருவோம். விவகாரமே அங்கேதான் இருக்கிறது.

கியர் ராடின் தலையில் மரை போட்டிருப்பார்கள். கம்பெனிக்குக் கம்பெனி அளவு வேறு. ஹோண்டா கார்களில் பழக்கமாக வருவது எம்10, பிட்ச் 1.5. மஸ்டாவில் அதே எம்10தான், ஆனால் பிட்ச் 1.25. டொயோட்டாவில் எம்12, பிட்ச் 1.25. இதில் வேடிக்கை என்னவென்றால், நாம் டேப் செட்டில் எடுக்கிற சாதா எம்12 டேப்பின் பிட்ச் 1.75. அதைப் போட்டு டொயோட்டா ராடில் திருகினால் ஒரு சுற்று, ஒன்றரைச் சுற்று பிடித்துவிட்டு இறுகி நின்றுவிடும். 'நல்லா டைட்டா இருக்கு' என்று சந்தோஷப்படுவோம். உண்மையில் மரை ஒன்றையொன்று தின்றுகொண்டிருக்கும். மரை கழண்ட கேஸ் என்று ஊரில் சும்மாவா சொன்னார்கள்!

எல்லா வண்டிக்கும் பொருந்தும் என்கிற நாப் இந்த மரை வேறுபாட்டை எப்படிச் சமாளிக்கிறது தெரியுமா? சமாளிப்பதே இல்லை. உள்ளே மரையே கிடையாது, வெறும் ஓட்டை. கூடவே மூன்று அளவில் பிளாஸ்டிக் புஷ் கொடுப்பார்கள். ராடுக்குப் பொருந்துகிற புஷ்ஷைச் சொருகி, பக்கவாட்டில் மூன்று கிரப் ஸ்க்ரூவை ஆலன் கீயால் இறுக்க வேண்டும். ஸ்க்ரூவின் முனை கடிப்பது இரும்பை இல்லை, பிளாஸ்டிக்கை. சித்திரை வெயிலில் கண்ணாடியை மூடி நிறுத்திய காருக்குள் அந்தப் பிளாஸ்டிக் இளகும். வண்டி ஓடும்போது அதிர்வு வேறு. ஸ்க்ரூ லூசாகும், நாப் சுற்ற ஆரம்பிக்கும், கோலம் இருந்தாலும் கோணிக்கொண்டு நிற்கும். கடைசியில் ஒருநாள் மூணாவதிலிருந்து ரெண்டாவதுக்கு இழுக்கும்போது நாப் கையோடு வந்துவிடும். திருச்சி ரோட்டில் பின்னால் பஸ் ஒட்டிக்கொண்டு வருகிற நேரத்தில் அது நடந்தால் என்ன ஆகும் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள்.

கழற்றுவதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், யாராவது இன்றைக்கே போய் முயற்சி செய்வீர்கள். வண்டி சமதளத்தில் நிற்க வேண்டும். இன்ஜின் ஆஃப், ஹேண்ட் பிரேக் மேலே, கியர் நியூட்ரலில். ராடைச் சுற்றியுள்ள ரெக்ஸின் உறையைக் கீழே இறக்கிவிட்டு, உள்ளே என்ன இருக்கிறது என்று முதலில் கண்ணால் பாருங்கள். திருகு வகையாக இருந்தால் ராடை ஒரு கையால் அசையாமல் பிடித்துக்கொண்டு இடமாகச் சுற்றினால் வரும். சொருகு வகையாக இருந்தால் சுற்றவே கூடாது, மேலே இழுக்க வேண்டும். அப்படி இழுக்கும்போது முகத்தை நேர் மேலே வைத்துக்கொள்ளாதீர்கள். பிடிவாதமாக இருந்த நாப் திடீரென்று விட்டுக்கொடுத்தால் மூக்கில்தான் வந்து இறங்கும். ரிவர்ஸுக்கு வளையம் தூக்குகிற வண்டியிலும், சொருகு வகை வண்டியிலும் நாம் கை வைக்க வேண்டாம் என்பது என் கட்சி. அங்கே நாப்பும் ரிவர்ஸ் லாக்கும் ஒரே குடும்பம். ஒரிஜினலே இருக்கட்டும்.

இனி மெட்டீரியல். 50 மி.மீ. விட்டமுள்ள ஓர் உருண்டையின் கன அளவு சுமார் 65 கன செ.மீ. துளையைக் கழிக்காமல் கணக்குப் போட்டால் தேக்கில் கடைந்தது 40 கிராமுக்குக் கொஞ்சம் மேலே, டெல்ரின் பிளாஸ்டிக்கில் 90 கிராம் சொச்சம், அலுமினியத்தில் 177, ஸ்டீலில் 500ஐத் தாண்டும், பித்தளையில் 550. கனமான நாப் போட்டால் கியர் வெண்ணெய் மாதிரி விழும் என்று சொல்பவர்கள் உண்டு. அதில் பாதி உண்மை இருக்கிறது. கனம் இருந்தால் கை கொடுத்த வேகத்தை நாப் தக்கவைத்துக்கொள்ளும். கியர்பாக்ஸுக்குள் ஸ்பிரிங்கும் பாலும் கொடுக்கிற தடையைத் திக்கென்று நிற்காமல் தாண்டிப் போகும். கைக்கு மெத்தென்று இருக்கும். ஆனால் உள்ளே இருக்கிற சிங்க்ரோனைசருக்கு நம் நாப்பின் எடை ஒரு பொருட்டே இல்லை. இரண்டு பக்க வேகமும் ஒன்றானால்தான் அது வழிவிடும். அரைக்கிலோ பித்தளையை ராடின் தலையில் ஏற்றினால் பள்ளம் மேட்டில் அது தானாக ஆடும். தேய்ந்த கியர்பாக்ஸாக இருந்தால் கியர் நழுவுவதற்கே அது துணைபோகலாம்.

ஜெர்மனிக்காரன் இதற்கு நேர் எதிராகப் போனான். 1970, 1971ல் லே மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தை ஜெயித்த போர்ஷே 917 காரில் எடையைக் குறைக்க வேண்டும் என்று கியர் நாப்பை பால்சா மரத்தில் செய்தார்கள். நெட்டி மாதிரி லேசான மரம் அது. பிற்பாடு கரேரா ஜிடி என்று ஒரு சூப்பர் கார் விட்டபோது, அந்த ஞாபகமாக அதிலும் மர நாப்பையே வைத்தார்கள். கோடி கோடியாய் விலை, தலையில் ஒரு மரக்கட்டை! ஜப்பானில் ஹோண்டா 1992ல் விட்ட என்எஸ்எக்ஸ்-ஆர் காருக்கு டைட்டானியத்தில் போட்டார்கள். ஆளுக்கொரு நியாயம். ஆனால் இரண்டு பேருமே இதை அலங்காரமாக நினைக்கவில்லை, ஒரு எஞ்ஜினீயர் உட்கார்ந்து யோசிக்க வேண்டிய பாகமாகத்தான் நினைத்தார்கள். நம் வெயிலுக்கு அலுமினியமும் பித்தளையும் மதியத்தில் கை வைக்க முடியாமல் சுடும். என்னைக் கேட்டால் டெல்ரின், இல்லையென்றால் நன்றாகக் காய்ந்த தேக்கு. தேக்கென்றால் உள்ளே மரைக்கு ஒரு பித்தளை புஷ் அடிக்க வேண்டும்.

உயரத்திலும் ஒரு விஷயம் இருக்கிறது. ராடு ஆடுகிற மையத்திலிருந்து நாப் 30 செ.மீ. உயரத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நாப்பை 3 செ.மீ. தாழ்த்தினால் கை நகர வேண்டிய தூரம் பத்தில் ஒரு பங்கு குறையும், கொடுக்க வேண்டிய பலம் ஒன்பதில் ஒரு பங்கு கூடும். நெம்புகோல் தத்துவம்! ஒன்பதாவதில் மனப்பாடம் செய்து மார்க் வாங்கிவிட்டு மறந்துபோனோமே, அதேதான்.

இப்போது நம் ஒர்க்‌ஷாப்புக்கு வாருங்கள் நண்பர்களே. நாம் என்ன செய்கிறோம்? எம்.எஸ். ராடு ஒன்று கொடுப்பார்கள். பேசிங், பிளெய்ன் டர்னிங், ஸ்டெப் டர்னிங், டேப்பர், நர்லிங். வெர்னியர் வைத்து அளந்து மார்க் போடுவார்கள். அப்புறம்? அந்த ஜாப் ஒரு பெட்டிக்குப் போகும், பெட்டி நிறைந்தால் காயிலாங்கடைக்குப் போகும். கையில் கொப்புளம் வர நாம் கடைந்த ஸ்டெப்பையும் டேப்பரையும் இந்த உலகத்தில் எவரும் ஒருநாளும் பயன்படுத்தப் போவதில்லை. எதற்கும் உதவாத ஜாப்பில் அரை மில்லி கூடினால் என்ன, குறைந்தால் என்ன? இரண்டு மார்க் போகும், அவ்வளவுதான். டாலரன்ஸ் என்ற சொல் நம் மனசில் ஏறாததற்குக் காரணம் நாம் மக்கு என்பதில்லை. அந்த ஜாப் எங்கேயும் போய்ப் பொருந்த வேண்டிய அவசியமே இல்லை என்பதுதான்.

கியர் நாப் அப்படி இல்லை. அது ஒரு ராடில் போய் உட்கார்ந்தாக வேண்டும். ஒரு மனுஷன் கையில் அடங்கியாக வேண்டும். அடிப்பக்கம் பேசிங், கழுத்துக்கு டேப்பர், தலைக்கு பார்ம் டர்னிங், பிடிக்கு நர்லிங், டெயில் ஸ்டாக்கில் டிரில் போட்டு டேப்பிங் என்று நம் சிலபஸில் உள்ள வேலை அத்தனையும் அந்த ஒரே உருண்டையில் அடங்கிவிடும். விட்டத்திலிருந்து பிட்சைக் கழித்தால் டிரில் சைஸ் என்று படித்தோமே, எம்10க்கு 1.5 பிட்ச் என்றால் 8.5 மி.மீ. டிரில், எம்12க்கு 1.25 பிட்ச் என்றால் 10.8 மி.மீ. அது அன்றைக்குத்தான் கைக்குப் புரியும். கோலம் நேராக நிற்க அடியில் ஒரு செக் நட் போட வேண்டும். நாப்பைத் திருகிக் கோலத்தை நேராக வைத்துக்கொண்டு, கீழிருந்து செக் நட்டை ஏற்றி இறுக்கினால் நாப் அசையாது. கூர்மையான விளிம்பு எங்கேயும் இருக்கக் கூடாது, பிரேக் அடிக்கும்போது முழங்காலோ குழந்தையின் தலையோ அங்கேதான் வந்து இடிக்கும். தலைமேல் கோலத்தை என்கிரேவ் செய்து வெள்ளை பெயின்ட் நிரப்ப வேண்டும். ஒட்டுகிற ஸ்டிக்கர் ஒரு கோடைக்குக்கூடத் தாங்காது.

இதைக் கேட்டதும் வகுப்பில் சில நண்பர்கள் சண்டைக்கு வந்தார்கள். 'இனிமே எல்லாம் ஆட்டோமேட்டிக்டா, எலெக்ட்ரிக் வண்டியில் கியரே இல்லை, நீ போய் கியர் நாப் கடையறியா?' என்றார்கள். உண்மைதான். 2014ல் மாருதி செலேரியோவில் ஏ.எம்.டி. வந்த பிறகு சின்ன கார்களிலேயே கிளட்ச் இல்லாமல் ஓட்ட முடிகிறது. நம் ஊர் நரேன் கார்த்திகேயன் 2005ல் ஃபார்முலா ஒன்னில் ஓட்டிய ஜோர்டான் காரிலேயே கியர் ராடு கிடையாது, ஸ்டீரிங்குக்குப் பின்னால் உள்ள தகட்டை விரலால் இழுப்பதுதான். ஆனால் அப்பா ஓட்டுகிற வண்டிகளில் பத்துக்கு எட்டு இன்னும் மேனுவல். அந்த வண்டிகள் ரோட்டை விட்டுப் போக இன்னும் பல வருஷம் ஆகும். அதுவரை அவற்றின் நாப்பில் எழுத்து தேய்ந்துகொண்டேதான் இருக்கும். அப்புறம், நான் கற்றுக்கொள்ளச் சொல்வது நாப்பை மட்டுமா? மரை எலெக்ட்ரிக் வண்டியிலும் மரைதானே!

இன்னொரு நண்பன் கேட்டது நியாயமான கேள்வி. 'ஸ்டூடன்ட் கடைந்த நாப் ரோட்டில் கழண்டு வந்தால் யார் பொறுப்பு?' அதற்குத்தான் மெட்ராலஜி லேப் இருக்கிறது. திரெட் பிளக் கேஜில் 'கோ' பக்கம் முழுசாகப் போக வேண்டும், 'நோ கோ' பக்கம் போகக் கூடாது. பார்த்துக் கையெழுத்துப் போட சார் இருக்கிறார். தேறாதது காயிலாங்கடைக்கே போகட்டும், இப்போது மட்டும் எங்கே போகிறதாம்? அட்டையில் பொய் எழுதி விற்கிற நாப்பை யாராவது இப்படி கேஜ் வைத்துப் பார்த்தார்களா?

இந்த ஊருக்கு இது புதுசும் இல்லை. ஜி.டி. நாயுடு பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர். 1920ல் ஒரு பஸ்ஸை வாங்கி, பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் தானே டிரைவராக ஓட்டித்தான் தொழிலை ஆரம்பித்தார். எஞ்ஜினீயரிங் படிப்புக்கு எதற்கு இத்தனை வருஷம் என்று பிற்பாடு அரசாங்கத்தோடு வாதாடியதும் அவர்தான். கரிவரதன் மாருதி 800ன் இன்ஜினை எடுத்து, இதே கோயமுத்தூரில் ஃபார்முலா மாருதி என்று ரேஸ் கார் கட்டினார். 1995ல் விமான விபத்தில் இறந்தார். செட்டிபாளையத்தில் அவர் பேரில்தான் ரேஸ் டிராக் இருக்கிறது. வெளியூர்க்காரர்கள் பம்ப் செட்டுக்கும் கிரைண்டருக்கும் நம்மைத் தேடி வருகிறார்கள். நாமோ ஐம்பது மில்லி உருண்டைக்கு ஆர்டர் போட்டுவிட்டு கொரியருக்குக் காத்திருக்கிறோம்.

பேரவைக்கு என் கோரிக்கை ரொம்பச் சின்னது. நம் ஸ்டோர்ஸில் சாதா எம்8, எம்10, எம்12 டேப் செட்டுகள் இருக்கின்றன. ஹோண்டாவுக்கு அந்த எம்10 போதும். வேண்டியது 1.25 பிட்சில் எம்10 ஒரு செட், எம்12 ஒரு செட், அப்புறம் 50 மில்லி டெல்ரின் ராடு ஒரு மீட்டர். வெட்டுக்கும் கழுத்துக்கும் போக ஒரு மீட்டரில் பத்துப் பன்னிரண்டு நாப்பாவது தேறும். மலருக்கு வாங்கிய விளம்பரப் பணத்தில் மிச்சம் இருந்தால் இந்த மாதமே ஆரம்பிக்கலாம். முதல் நாப் யாருக்கு என்பதையும் பார்த்து வைத்துவிட்டேன். நம் துறைத் தலைவரின் காரில் நாப்பின் கோலம் முழுக்கத் தேய்ந்து மொழுக்கென்று இருக்கிறது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன், திருகு வகைதான் போலிருக்கிறது. சார் சாவியைக் கொடுத்தால் பிட்ச் கேஜோடு போய் மரையை அளந்துகொண்டு வந்துவிடுவேன்.